மொய் வைக்காத குமாஸ்தா

தொழிலாளர் நலப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் கையில் அழகான அச்சுத்தாள் ஒன்று இருக்கிறது. எந்தக் கூடுதல் காப்பீட்டில் சேர்ந்தால் எதற்கெல்லாம் பணம் வரும், எதற்கு வராது என்று கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வாங்கிப் படித்துப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனிதன் முன்னால் நின்றுகொண்டு, “நீங்கள் இறந்துபோனால் யாரிடம் கொடுப்பது?” என்று கேட்கப்போவது நீங்கள். அந்த நேரத்தில் அச்சுத்தாள் வாயைத் திறக்காது. அதனால்தான் இந்தக் கிழவனைப் பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தது யுத்த காலத்தில். அருப்புக்கோட்டைக்கு வெளியே, சுற்றிலும் கரிசல் காடு, நடுவில் ஒரு புகைக்கூண்டு. டைம் ஆபீஸ் குமாஸ்தா என்பது என் வேலையின் பெயர், வருகைக் கணக்கும் சம்பளப் பட்டுவாடாவும் என் பொறுப்பு. டைம் ஆபீஸுக்கு ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தொழிலாளர்கள் வரிசை, இந்தப் பக்கம் நான். மேல் ஆபீஸ்காரர்கள் என்னைத் தொழிலாளிகளோடு சேர்த்தார்கள். தொழிலாளிகள் என்னை முதலாளியோடு சேர்த்தார்கள். நான் வந்தால் பேச்சை நிறுத்துவதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமையாக இருந்தன.

பாளையம்பட்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சாப்பாடு கிளப்புக்கடையில். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலுக்குப் போவேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று நாலு பேர் நலம் விசாரிப்பார்கள், பிறகு அவரவர் வீட்டுக் கறிக்குழம்பைத் தேடிப் போய்விடுவார்கள். நான் கிளப்புக்கடைக்குத் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மனிதனுக்கு இவ்வளவு நீளமாக இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

அப்பா மிஷன் கோயிலில் உபதேசியாராக இருந்து காலமானவர். அம்மா அவருக்குப் பின்னால் அதிக காலம் இருக்கவில்லை. மிச்சம் ஓர் அண்ணன், பெயர் ஞானமுத்து. ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அங்கே குண்டு விழுந்த பிறகு கடிதம் நின்றுபோனது. பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய ஒருவர் காரியாபட்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அண்ணனை வழியில் பார்த்ததாகச் சொன்னார். எந்த இடத்தில், எப்படி இருந்தான் என்று கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீட்டுக்குள் பார்த்து எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் எவரிடமும் நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

யுத்தம் முடிந்து, சுதந்திரம் எந்த நேரமும் வந்துவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் மில்லுக்குக் கூடுதல் இன்சூரன்ஸ் வந்தது. இந்த இடத்தில் உங்கள் தாளில் இருக்கிற ஒரு விஷயத்தை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மில்லுக்குள் வேலை செய்யும்போது அடிபட்டாலோ உயிர் போனாலோ நிர்வாகம் நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். அது சட்டம், அதற்காகத் தொழிலாளி ஒரு காசும் கட்ட வேண்டாம். ஆனால் அந்தச் சட்டம் மில் கேட்டோடு நின்றுவிடும். வீட்டில், காட்டில், கண்மாய்க்கரையில் நடந்தால் அது எட்டிப் பார்க்காது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மழை பெய்தால் காடு உழுகிற சம்சாரிகள், பெய்யாவிட்டால் மில் தொழிலாளிகள். அவர்களுடைய ஆபத்தெல்லாம் கேட்டுக்கு வெளியில்தான் காத்திருந்தது. வெளியில் நடக்கிற விபத்துக்கு ஒரு காப்பு வேண்டுமானால், சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சம்மதித்துத் தனியாகச் சேர வேண்டும். அதுதான் கூடுதல். ஒருவரைச் சேர்க்குமுன் எது தானாக வருகிறது, எது கேட்டு வாங்குவது என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துச் சொன்னால், ஏற்கனவே கிடைக்கிறதற்கு எதற்காகக் காசு பிடிக்கிறாய் என்று உங்களைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். என்னை அப்படித்தான் பார்த்தார்கள்.

அதனால் இன்சூரன்ஸ் கம்பெனியே மதுரையிலிருந்து ஓர் ஏஜெண்டை அனுப்பியது. பட்டு ஜிப்பா, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம், கணீரென்ற குரல். மில் முற்றத்தில் ஒரு பஞ்சுப் பொதியின் மேல் ஏறி நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, உங்கள் ஊரில் மொய் வைப்பது உண்டா என்பதுதான். முற்றம் முழுவதும் சிரித்தது. மொய் இல்லாத ஊர் இந்தப் பக்கம் ஏது? நல்ல காரியமானாலும் சாவு விழுந்த கேத காரியமானாலும், இன்று நான் உன் வீட்டில் வைக்கிறேன், நாளை நீ என் வீட்டில் வைக்கிறாய். இந்த இன்சூரன்ஸும் அதேதான், மில்லில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து வைக்கிற மொய் என்றார் ஏஜெண்டு. நான் ஒரு மாதமாகத் தொண்டை வறளச் சொல்லியும் யார் தலையிலும் ஏறாதது, அவர் இறங்குவதற்குள் எல்லோர் தலையிலும் ஏறிவிட்டது. அன்று சாயங்காலமே ஜன்னலுக்கு முன்னால் கைநாட்டு வைக்க வரிசை நின்றது.

ஒவ்வொருவரிடமும் யார் பெயருக்கு என்று கேட்டு எழுதினேன். சிலர் வெட்கப்பட்டுப் பெண்டாட்டி பெயரைச் சொன்னார்கள். சிலர் தாய்மாமன் பெயரைச் சொன்னார்கள். ஒருவன் பிறக்காத பிள்ளையின் பெயரைச் சொல்லி எல்லோரிடமும் கேலி வாங்கினான். கடைசியில் ஏஜெண்டு என் பக்கம் திரும்பி, உங்களுடையதையும் போட்டுவிடலாமே என்றார். பிறகு பார்க்கலாம் என்றேன். பெயர் கேட்கிற அந்த வரியில் எழுத எனக்கு யாருமில்லை என்பதை அந்த மனிதரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர் சொன்ன மொய் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

நூலை அழுத்திப் பேல் பேலாகப் பொதி கட்டுகிற பகுதியில் சோலைமலை என்று ஒருவர் இருந்தார். திருச்சுழி போகிற வழியில் ஒரு கரிசல் ஊர். கொஞ்சம் நிலம், மனைவி வெள்ளையம்மாள், ஒரு பெண் குழந்தை. அதிகம் பேசாத மனிதர். முதல் வரிசையிலேயே நின்று கூடுதலில் சேர்ந்தவர். ஒரு வார லீவு நாளில் தன் புஞ்சையில் உடைமுள் வெட்டிக்கொண்டிருந்தபோது சுருட்டைவிரியன் கடித்துவிட்டது. வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் பிழைக்கவில்லை. மில்லுக்கு வெளியே, வேலை இல்லாத நாளில் நடந்தது. ஆகவே சட்டப்படி நிர்வாகம் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. கூடுதல்தான் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே பிடி.

கம்பெனிக்கு எழுதியது, டாக்டரிடம் அலைந்தது, பாம்புக்கடி விபத்துதானா என்று அவர்கள் கேட்டது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கும் அந்தத் தலைவலி வரும், வந்தால் தெரிந்துகொள்வீர்கள். பணம் தருகிறோம் என்று பதில் வந்தது. வெள்ளையம்மாளின் கைநாட்டு மட்டும்தான் பாக்கி. இவ்வளவு காலத்தில் முதல்தடவையாக, ஒரு வீட்டுக்கு நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வெள்ளையம்மாள் நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். முடிந்ததும் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

“இந்த மொய்ய நான் வாங்கலய்யா.”

எனக்கு விளங்கவில்லை. உங்கள் புருஷன் போட்டது, உங்களுக்கு வருகிறது என்றேன். அவர் அழவில்லை. எனக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறதே என்கிற சலிப்புதான் குரலில் இருந்தது.

“வாங்குனா திருப்பிச் செய்யணும். மில்லுல இருக்கிற அத்தன பேரும் வச்ச காசுங்கிறாக. அத்தன வீட்டுக்கும் நான் எங்கிட்டுப் போயிச் செய்ய? தாலியறுத்தவ ஒரு நல்ல காரியத்துல போயி நிக்க முடியுமா? எம்பேர மொய்யில எழுதுவாகளா? ஆம்பளப் பிள்ளையும் இல்ல, நாளைக்கு அவன் செய்வான்னு சொல்றதுக்கு.”

இதைத் திருப்பித் தரவே வேண்டாம் என்று நான் அவசரமாகச் சொன்னேன். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று.

“திருப்ப வேண்டாத காசுக்கு வேற பேரு இருக்குய்யா. அத வாங்குற நெலமைக்கு நான் இன்னும் வரல.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊரை விட்டு வந்தபோது கோபம் கோபமாக வந்தது. முதலில் அந்த அம்மாள் மேல், பிறகு பட்டு ஜிப்பா மேல். எளிதாகச் சொல்கிறேன் பேர்வழி என்று ஒன்றை இன்னொன்று மாதிரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கேட்பவர்கள் அந்த இன்னொன்றை முழுசாக எடுத்துக்கொள்வார்கள், நமக்கு வேண்டிய பாதியை மட்டும் அல்ல. ஏஜெண்டு மொய்யில் வரவை மட்டும் சொன்னார். இந்தப் பக்கத்தில் மொய் என்றால் பாதிக்கு மேல் கடமை. இதை உங்கள் அச்சுத்தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மில்லுக்குத் திரும்பினால் சேதி எனக்கு முன்னால் வந்திருந்தது. சோலைமலையின் ஊர்க்காரர் கருப்பணன் எங்கள் மில்லில் வேலை பார்த்தார். அவர் மூலம் பரவியிருக்க வேண்டும். ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். அந்த அம்மாள் சொல்வது நியாயம், நாங்கள் வைத்ததைத் திருப்பிச் செய்ய அவளால் எப்படி முடியும் என்றது ஒரு கட்சி. முதல் சாவுக்கே வாங்கவில்லை என்றால் எங்களுக்கு மட்டும் எப்படி வரும், பிடித்தம் வேண்டாம் என்றது இன்னொரு கட்சி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த சம்பள நாள் வரை பார்ப்பேன், அதற்குள் கைநாட்டு வராவிட்டால் பெற மறுத்துவிட்டார் என்று எழுதிக் காகிதத்தைத் திருப்பி அனுப்பப்போகிறேன் என்றார். அவருக்கு அது ஒரு காகிதம், மேஜையை விட்டுப் போனால் சரி.

இரண்டாவது தடவை போனபோது வெள்ளையம்மாளின் அண்ணன் வந்திருந்தார். தங்கையையும் குழந்தையையும் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்ப ஒரு கங்காணியிடம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் வீட்டிலும் கம்பங்கூழ்தான், அதுவும் ஒரு வேளைதான். குழந்தை பஞ்சவர்ணம் என் சைக்கிள் மணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது. மலைக்காய்ச்சலில் திரும்பி வராத எத்தனையோ பேரின் வீடுகள் இந்தப் பக்கத்தில் பூட்டிக் கிடந்தன. இந்த வீடும் அப்படிப் பூட்டப்படப் போகிறது, திறந்து வைக்கக்கூடிய சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

இந்தத் தடவை நிதானமாகச் சொன்னேன். இது மொய் மாதிரி, ஆனால் மொய் இல்லை. வைத்தவருக்கே திரும்பி வரும் என்று கிடையாது. எல்லோரும் வைக்கிறார்கள், யாருக்கு இடி விழுகிறதோ அந்த வீட்டுக்குப் போகிறது. விழாதவர்களுக்கு ஒன்றும் வராது, அவர்களும் அதைத் தெரிந்துதான் வைக்கிறார்கள். வெள்ளையம்மாள் இந்த முறை உட்கார்ந்து கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கட்டுமாய்யா? நீங்க இதுல போட்டிருக்கீகளா?”

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். குமாஸ்தாக்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் விசாரித்துப் பார்க்கப்போவதில்லை. கைநாட்டு கிடைத்திருக்கும், குழந்தை ஊரில் இருந்திருக்கும். இப்படி ஒரு கணம் உங்களுக்கும் வரும், அதனால் சொல்கிறேன். நம்பச் சொல்லி ஒருவரிடம் போய் நிற்கும்போது சொல்கிற பொய், அவர் நம்பிய பிறகும் நம்மிடமே இருக்கும்.

“இல்லம்மா, போடல.”

“ஏன்?”

“எனக்கு வாங்க ஆள் இல்லம்மா.”

இதை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல்தடவை. என் அறைச் சுவரிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாள் பரிதாபப்படவில்லை, அதற்காக இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். கொஞ்சம் யோசித்தார்.

“அப்பச் சரிதான. திரும்பி வராதுன்னு தெரிஞ்சதும் நீங்க போடல. போட்டவுக எல்லாம் தன் வீட்டுக்கு வரும்னுதான் போட்டுருக்காக. அவுக காச நான் வாங்கிட்டு எப்படிச் சும்மா இருக்க?”

அவருடைய அண்ணன் மட்டும் லேசாகச் சிரித்தார். மொய் எழுத உட்கார்ந்த ஆள் தன் மொய்யை முதலில் எழுதிவிட்டுத்தான் அடுத்தவன் மொய்யை வாங்குவான், அதுதானே வழக்கம் என்றார். என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை, ஊரில் நடப்பதைச் சொன்னார். நான் எழுந்து விடைபெற்றுக்கொண்டேன்.

மத்தியான வெயில். அந்தச் சாலையில் நிழல் என்று சொல்ல அங்கங்கே ஒற்றைப் பனைதான். மிதித்துக்கொண்டே யோசித்தேன். அந்த அம்மாள் கேட்டதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் அந்த மில்லில் ஒருவன்தான் இருந்தான். பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள் எவ்வளவு போட்டாலும் அது தன் வீட்டை நினைத்துப் போட்டதுதான். போட்ட காசு திரும்பி வர வழியே இல்லாத ஒருவன் போட்டால்தான், திரும்பி வராமலும் ஒருவர் வைக்கலாம் என்று ஆகும். இத்தனை நாளும் எனக்கு இழுக்கு என்று நான் மறைத்து வைத்திருந்தது எதுவோ, அதைத்தான் இப்போது வெளியில் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. சாலையோரம் இறங்கி நின்று கொஞ்சம் அழுதேன். யாருமில்லாததில் அந்த ஒரு சௌகரியம் உண்டு, யாரும் பார்க்க மாட்டார்கள்.

மறுநாள் எனக்கு நானே விண்ணப்பம் எழுதினேன். பெயர், வயது, வேலை எல்லாம் ஓடியது. யார் பெயருக்கு என்கிற வரியில் பேனா நின்றுவிட்டது. காலியாக விட்டால் கம்பெனி திருப்பி அனுப்பும். நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஞானமுத்து, அண்ணன் என்று எழுதினேன். விலாசத்துக்கு ரங்கூன் என்று எழுதி, அதை அடித்துவிட்டு எங்கள் ஊர் விலாசத்தை எழுதினேன். அவன் இருக்கிறான் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. அவன் வந்தால் வரவேண்டிய இடம் எது என்று மட்டும் எழுதியிருந்தேன். நீங்கள் அந்த வரியைக் கேட்கும்போது எதிரில் இருப்பவர் பேசாமல் நின்றால், அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டு பேனாவைத் தட்டாதீர்கள். அந்த நேரத்தில் அவர் எங்கெங்கே போய்த் தேடிவிட்டு வருகிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

சம்பள நாள் வந்தது. முற்றத்தில் வழக்கம்போலக் கூட்டம். வரிசையில் கருப்பணன் நின்றார். அவர் ஊரில் எந்த விசேஷமானாலும், மொய் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் நின்று பேரைச் சத்தமாகக் கூப்பிடுவது அவர்தான். ஊர்க்கோடி வரை கேட்கிற தொண்டை. நான் ஜன்னலை விட்டு வெளியே வந்து, இன்று ஒரு மொய் இருக்கிறது, கூப்பிட வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். கூடுதலில் இந்த மாதத்திலிருந்து நானும் சேர்கிறேன் என்றும், என் பணத்தை வாங்க எனக்கு வீடும் இல்லை ஆளும் இல்லை என்றும் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

கருப்பணன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மொய் கூப்பிடும்போது அப்படித்தான் நிற்பாராம்.

“பாளையம்பட்டி, டைம் ஆபீசு தேவசகாயம் அய்யா மொய்யி...”

அத்தோடு நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“யாரு வீட்டுக்குய்யா?”

“யாரு வீட்டுக்குன்னு இல்ல. அடுத்து எந்த வீடோ, அந்த வீட்டுக்கு.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிமிர்ந்து நான் சொன்னதை அப்படியே கூப்பிட்டார். அடுத்து எந்த வீடோ அந்த வீட்டுக்கு என்று முற்றம் முழுக்கக் கேட்டது. உள்ளே இஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மேனேஜர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, இது ஆபீஸா சந்தையா என்று கேட்டார். நான் ஜன்னலுக்குத் திரும்பிப் போய்ச் சம்பளம் போட ஆரம்பித்தேன். அன்று பிடித்தம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

கெடு முடிந்துவிட்டதாக மேனேஜர் காகிதத்தைக் கேட்டார். திருச்சுழி பஸ் வந்து போகட்டும் என்று மறுநாள் வரை கெஞ்சி வாங்கினேன். அது கரி போட்டு ஓட்டுகிற பஸ், மேட்டில் ஏறாவிட்டால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். மறுநாள் உச்சிப்பொழுதில் அது வந்து நின்றது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளையம்மாள் இறங்கினார். இரண்டு பேர் முகத்திலும் கரி.

ஜன்னலுக்கு முன்னால் நிற்க வேண்டாம் என்று உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். கருப்பணன் ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. வெள்ளையம்மாள் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார், கட்டைவிரல் மையைத் தலையில் தடவித் துடைத்துக்கொண்டார். நான் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் பேசினார்.

“உங்களுக்கு ஒண்ணுன்னா கேதம் சொல்லிவிட யாரும் இருக்காகளாய்யா?”

“இல்லம்மா.”

“அப்ப எனக்குச் சொல்லிவிடச் சொல்லுங்க. நான் வாரேன். கேதத்துக்கு வர்றதுக்குத் தாலி வேண்டாம். இதத் திருப்ப வேண்டாம்னு நீங்க சொல்லப்படாது.”

நான் சொல்லவில்லை.

அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. அந்தப் பணத்தை வைத்துப் புஞ்சையைக் கைவிடாமல் காப்பாற்றினார், ஆடு வளர்த்தார், பெண்ணை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார். டவுனுக்கு வந்தால் டைம் ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். “இருக்கீகளா?” என்பார். “இருக்கேம்மா” என்பேன். அவ்வளவுதான் பேச்சு. என் வாழ்க்கையில், நான் இருக்கிறேனா என்று பார்ப்பதற்கென்றே எட்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நான் கடைசி வரை தனிக்கட்டையாகவே இருந்துவிட்டேன். என் அண்ணன் வரவில்லை, அவனைப்பற்றிச் சேதியும் வரவில்லை.

ஓய்வு பெற்ற அன்று என்னுடைய கூடுதலும் ஓய்ந்தது. வேலையோடு வந்த காப்பீடு வேலையோடு போய்விடும், பெரும்பாலும் அப்படித்தான். இதை ஆட்களிடம் சேரும்போதே சொல்லுங்கள், போகும்போது சொன்னால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள். நான் போட்டதில் எனக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. யார் யார் வீட்டுக்கோ போனது. கூப்பிட்டது கூப்பிட்டபடிதான் நடந்தது.

வெள்ளையம்மாள் எனக்கு முந்திக்கொண்டார். கருப்பணனின் மகன் வந்து சேதி சொன்னான். இப்போது அந்தச் சாலையில் நல்ல பஸ் ஓடுகிறது. போனேன். நான் யார், என்ன உறவு என்று அங்கே இளவட்டங்களுக்குத் தெரியவில்லை. ஓரமாக நின்று, எடுக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் புறப்பட்டேன். பஞ்சவர்ணம் ஓடிவந்தாள். என் சைக்கிள் மணியைத் தொட்டுப் பார்த்த அந்தக் குழந்தைக்கு இப்போது தலை பாதி நரைத்திருந்தது. அழுது ஓய்ந்த குரலில் சொன்னாள்.

“அம்மா சொல்லிட்டுத்தான் போனாகய்யா. உங்க சேதி இனி எனக்கு வரணும். மறக்காமச் சொல்லி வையுங்க.”

மொய் பெற்றவர் போனால் பிள்ளைகள் தலையில் இறங்கும், அதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். நான் மறுக்கவில்லை. பாளையம்பட்டியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவளுடைய பெயரையும் ஊரையும் சொல்லி வைத்திருக்கிறேன். யாருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டபோது, நான் யோசிக்கவே இல்லை.